தோள் தாங்கும் தோட்டா

1907-ல் குமாவோன் மலையில் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டு வீழ்த்திய ஜிம் கார்பெட், அதன் வாயைப் பார்த்தார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதி ஒடிந்திருந்தது. கீழ்க் கோரைப்பல் எலும்பு வரைக்கும் போயிருந்தது. என்றோ யாரோ சுட்ட குண்டின் வேலை அது. இயற்கையான இரையைக் கவ்விக் கொல்ல முடியாமல் போன புலி, மனிதர்களைத் தேடி வந்தது. நேபாளத்திலும் குமாவோனிலும் அது கொன்றவர்கள் 436 பேர் என்கிறது கணக்கு.

பெரிய விலங்கு வேட்டைக்கு எந்தக் காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் எவ்வளவு என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்த ஒடிந்த பற்கள்தான் நினைவுக்கு வருகின்றன. வேட்டை இன்னும் சட்டபூர்வமாக இருக்கும் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும், ஒரு ரைஃபிள் வைத்திருப்பவர் சில ஆண்டுகளில் இரண்டாவதைத் தேடத் தொடங்குகிறார். வேகம், தூரம், விலை என்று பேச்சு நீளும். என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. கையில் இருக்கும் துப்பாக்கி எந்த விலங்கைக் கொல்லாமல், காயத்தோடு தப்பவிடும்? அந்தக் குறையைத் தீர்ப்பதற்கு மட்டுமே இரண்டாவது காலிபர் வர வேண்டும்.

கார்பெட்டின் கதையே இதற்கு நல்ல பாடம். சம்பாவத் புலியைத் தேடிப் போனபோது அவரிடம் இருந்தது .500 காலிபர் இரட்டைக்குழல் ரைஃபிள். இரண்டு முறைக்கு மேல் சுட வாய்ப்பு வராது, மூன்றாவது அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மூன்றே தோட்டாக்களை எடுத்துப் போனார். மூன்றும் தீர்ந்துவிட்டன. அடிபட்ட புலி எதிரே நிற்கிறது. துணைக்கு வந்த தாசில்தாரிடம் ஓடி, அவர் கையிலிருந்த பழைய துப்பாக்கியை வாங்கி வந்தார். அதன் குழலுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி. வாயைக் குறிவைத்துச் சுட்ட குண்டு பாதத்தில் பட்டது. முதலில் பட்ட குண்டுகளின் காயத்தால் புலி சாய்ந்தது. இல்லாவிட்டால் அன்று கார்பெட்டின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அந்தச் செயலுக்குப் பரிசாக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு .275 ரிக்பி ரைஃபிள் கொடுத்தார். ஜெர்மானிய மௌசர் நிறுவனம் 1890-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு லண்டன் ரிக்பி நிறுவனம் வைத்த பெயர்தான் .275. குண்டின் எடை 9 முதல் 11 கிராம். புலிக்கு இது போதுமா என்று அன்றைய ஷிகாரிகள் பலர் சந்தேகப்பட்டிருப்பார்கள். கார்பெட்டுக்குப் போதுமானதாக இருந்தது. 1930 ஏப்ரலில் சௌகர் ஆட்கொல்லியைச் சந்தித்தபோது அவருடைய இடது கையில் பறவை முட்டைகள் இருந்தன. புலி சில அடி தூரத்தில் படுத்திருந்தது. வலது கையால் மட்டுமே ரைஃபிளை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். நாலரைக் கிலோ இரட்டைக்குழலை ஒற்றைக் கையில் அப்படித் திருப்ப முடியுமா? எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனால் கார்பெட் அந்த ரிக்பியோடு நிற்கவில்லை. ஜெஃப்ரி நிறுவனத்தின் .450/400 இரட்டைக்குழல் ரைஃபிளும் வைத்திருந்தார். பெயர் குழப்பும். .450 தோட்டாவின் கூட்டைக் கழுத்தில் குறுக்கி, .400 காலிபர் குண்டைப் பொருத்தினார்கள் என்பதுதான் அந்தச் சாய்கோட்டின் பொருள். குண்டு 400 கிரெயின், அதாவது சுமார் 26 கிராம். ரிக்பியின் குண்டைப்போல் இரண்டரை மடங்கு. (.450 காலிபரை இந்தியாவுக்குள் கொண்டுவர ஆங்கில அரசு அக்காலத்தில் தடை போட்டது. தோட்டா கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயம். லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .465, .470 என்று புதுப்புதுக் காலிபர்களை உருவாக்கியதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம்.)

அவருடைய இரண்டு துப்பாக்கிகளும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒன்று நாள் முழுக்கத் தோளில் தொங்கவிட்டு மலை ஏறலாம். தூரத்திலிருந்து துல்லியமாகச் சுடலாம். மற்றது, புதருக்குள் பத்தடியில் புலி பாயும் நொடிக்கானது. இரண்டு குழல், இரண்டு விசை, நடுவே தோட்டா ஏற்றும் வேலை இல்லை. 1938-ல் தாக் ஆட்கொல்லியைக் குரல் கொடுத்து வரவழைத்து, அந்தி மங்கும் நேரத்தில் ஒரு பாறை விளிம்பில் உட்கார்ந்தபடி கனமான ரைஃபிளால் சுட்டார். புலி விழுந்தது. ரைஃபிள் உதைத்த உதையில் அவரும் பின்னால் சரிந்து, கீழே ஒடுங்கியிருந்த தன் ஆட்கள்மேல் விழுந்தார். வாழ்நாளெல்லாம் துப்பாக்கி பிடித்தவருக்கே கனத்த காலிபர் செய்தது அது.

இந்த உதையைத்தான் இரண்டாவது ரைஃபிள் வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1906-ல் பிறந்த .30-06 அமெரிக்காவில் முதல் ரைஃபிளாகப் பலர் கையில் இருக்கிறது. மான், எல்க், மூஸ் வரைக்கும் அது தாங்கும். அதோடு .270 ஒன்றைச் சேர்த்து வாங்குகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் குண்டின் விட்டத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. செய்யும் வேலையும் கிட்டத்தட்ட ஒன்றே. பணத்தை வீணாக்குவது என்றுதான் அதைச் சொல்வேன். .30-06 வைத்திருப்பவர் காட்டெருமைக்கோ அலாஸ்காவின் பழுப்புக் கரடிக்கோ போவதானால், அடுத்த படி .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட். 1912-ல் வந்தது. 300 கிரெயின் குண்டு, அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். அது பாயும் வளைவு .30-06-ன் கனத்த குண்டு பாயும் வளைவுக்கு நெருக்கமானது. பழகிய கண்ணுக்குப் புதிய கணக்கு அதிகம் தேவைப்படாது. பல ஆப்பிரிக்க நாடுகளின் வேட்டை விதிகள் யானை, எருமைக்குக் குறைந்தபட்சம் .375 என்று வைத்திருக்கின்றன. தோட்டாவும் அங்கெல்லாம் கிடைக்கும்.

ஆனால் ஒரே எடையுள்ள ரைஃபிள்களில் .375-ன் உதை .30-06-ஐப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாலு தோட்டா சுட்டதும் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஐந்தாவது முறை விசையில் விரல் வைக்கும்போதே தோள் சுருங்கும், கண் மூடும், குண்டு ஒரு சாண் தள்ளிப் போகும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். எருமை புதருக்குள் போய்விடும். பெரிய காலிபர் வாங்கியதன் பயன் அத்தோடு போயிற்று.

வால்டர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதை யாரையும்விட நன்றாக அறிந்தவர். உகாண்டாவின் கரமோஜா பகுதியிலும் வேறு இடங்களிலும் அவர் சுட்ட யானைகள் ஆயிரத்துக்கு மேல். இன்று நினைத்தால் மனம் கசக்கும் எண்ணிக்கை. அவற்றில் பெரும்பாலானவை கார்பெட் வைத்திருந்த அதே 7 மில்லிமீட்டர் காலிபரால் விழுந்தவை. யானையின் மண்டையை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று படித்தவர் அவர். வேறு காலிபர்களையும் முயன்றார்; தோட்டா நம்பகமாக இல்லாதபோது அவற்றை ஒதுக்கினார். பெல்லைப் பார்த்து, சிறிய காலிபரே யானைக்குப் போதும் என்று முடிவு கட்டுவது தவறு. அந்தப் பொறுமையும் அந்தக் கையும் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அதனால்தான் விதிகள் .375 என்று கோடு போட்டிருக்கின்றன.

நம் பக்கத்துக் காடுகளிலும் இந்தக் கதையின் ஒரு கிளை உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தபோது பெரும்பாலும் சுமந்தது ஒரே காலிபரைத்தான்: .405 வின்செஸ்டர். அதே காலிபரை 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குச் சிங்கங்களுக்காகக் கொண்டுபோனார். ஆனால் யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் ஹாலண்ட் இரட்டைக்குழல் ஒன்றைக் கூடவே வைத்திருந்தார். ஆண்டர்சன் பெரும்பாலும் தேடிப் போனது புலியையும் சிறுத்தையையும். அதற்கு அந்த ஒன்றே போதுமாயிருந்தது. இரண்டாவது ரைஃபிள் எல்லோருக்கும் தேவையில்லை.

இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தத் தேர்வே முடிந்துபோனது. அது முடிந்தது நல்லதே. வேட்டை உரிமம் கிடைக்கும் நாடுகளில் வசித்து, இரண்டாவது காலிபரைப் பற்றி யோசிக்கும் தமிழர் யாரேனும் இதைப் படித்தால், அவரிடம் ஒரு வேண்டுகோள். புதிய ரைஃபிளோடு காட்டுக்குப் போகுமுன் சுடுதளத்துக்குப் போங்கள். நின்றும் உட்கார்ந்தும், மூச்சு வாங்கிக்கொண்டும் சுட்டுப் பாருங்கள், ஒரு நாளல்ல, பல வாரங்கள். அப்போதும் கண் மூடுகிறது என்றால் அதை விற்றுவிடுங்கள். அந்த விலங்கை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.