திரையற்ற சேவையகத்தில் வரைகலைச் செயலி: செம்மேட்டுக் களஆய்வுத் தொகுப்பை முன்வைத்து

முன்னுரை

நாமக்கல் மாவட்டம், கொல்லிமலையின் நிர்வாக மையமாக விளங்கும் ஊர் செம்மேடு. காரவள்ளி வழியே செல்வோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இவ்வூரை அடைகின்றனர். மலையாளிப் பழங்குடியினரின் வழக்காறுகள், சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றின் உள்ளூர் வகைப்பெயர்கள், அறப்பளீசுவரர் கோயில் வழிபாட்டு மரபுகள், சங்கப் பாடல்கள் சுட்டும் கொல்லியும் ஓரியும் என இம்மலையை முன்னிட்ட ஆய்வுக்களங்கள் பல. இவற்றுள் ஒன்றில் ஈடுபடும் ஆய்வாளரிடம் சில ஆண்டுகளிலேயே மின்னூல்களும், ஒளிவருடிய குறிப்பேடுகளும், பழைய ஆய்வேடுகளின் படிமங்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. மடிக்கணினியில் இடமின்றிப் போகும்போது வீட்டிலோ தங்குமிடத்திலோ சிறிய சேமிப்பகச் சேவையகம் ஒன்று வைக்கப்படுகிறது. கோப்புகள் அங்குச் சென்றுவிடுகின்றன. அவற்றை வகைப்படுத்தும் செயலியோ மடிக்கணினியிலேயே தங்கிவிடுகிறது. தரவு ஓரிடமும் அதனை ஆளும் செயலி வேறிடமுமாக இருக்கும் இந்நிலையே தொகுப்பின் அழிவுக்கு வழிகோலக்கூடும் என்பதையும், செயலியைச் சேவையகத்திலேயே இடையறாது இயங்கச் செய்யும் முறையையும் இக்கட்டுரை கேலிபர் என்னும் மின்னூல் மேலாண்மைச் செயலியைக் கொண்டு விளக்குகிறது.

தரவுத்தளமும் அதன் இருப்பிடமும்

இந்தியாவில் பிறந்த கோவிட் கோயல் 2006ஆம் ஆண்டு சோனி நிறுவனத்தின் மின்னூல் படிப்பான் ஒன்றை லினக்சில் பயன்படுத்தும் பொருட்டு எழுதத் தொடங்கிய நிரலே பின்னர்க் கேலிபர் எனப் பெயர் பெற்றது. கட்டற்ற மென்பொருளாகிய இது, மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் வெளியிட்ட மின்னூல்களைத் திரட்டி வைத்திருக்கும் தமிழாய்வாளர்க்கு இயல்பாகவே பொருந்துகிறது. நூலாசிரியர், தலைப்பு, ஆண்டு ஆகியவற்றோடு ஆய்வாளர் தாமே புதிய புலங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பேட்டுப் படிமம் வாழவந்திநாட்டில் எடுக்கப்பட்டதா, வளப்பூர்நாட்டில் எடுக்கப்பட்டதா, தகவலாளர் எக்குடியினர், பதிவு செய்த நாள் எது என்பன அப்புலங்களில் அமையும். இக்குறிப்புகள் நீங்கிய படிமம் வெறும் படமே. அதனை ஆய்வேட்டில் சான்றாகக் காட்ட இயலாது.

இக்குறிப்புகள் அனைத்தும் எஸ்கியூலைட் வகைத் தரவுத்தளக் கோப்பு ஒன்றில் பதிவாகின்றன. ஒருவர் எழுதும்போது மற்றவர் எழுதாதபடி கோப்பினைப் பூட்டும் முறையை இத்தரவுத்தளம் நம்பியுள்ளது. ஒரே கணினியின் வட்டில் அப்பூட்டு உறுதியாகச் செயற்படும். வலையமைப்பு வழியாகப் பகிரப்பட்ட கோப்புறையில் அதற்கு உறுதியில்லை. வலையமைப்புக் கோப்பு முறைமைகள் பலவற்றில் பூட்டுதல் பிழையுற நடப்பதாக எஸ்கியூலைட்டின் ஆவணமே எச்சரிக்கிறது. கேலிபரின் கையேடும் நூலகத்தை வலையமைப்பு வட்டில் வைக்கலாகாது என்றே அறிவுறுத்துகிறது. எனினும் மடிக்கணினியில் செயலியைத் திறந்து, சேவையகத்திலுள்ள நூலகத்தை அதற்குக் காட்டுவதே பெரும்பாலோர்க்கு முதலில் தோன்றும் வழி. இவ்வழி பல மாதங்கள் குறையின்றி நடக்கவும் கூடும். கம்பியிலா இணைப்பு எழுதும் நொடியில் அறுபடும்போதோ, இருவர் ஒரே வேளையில் திறக்கும்போதோதான் கேடு வெளிப்படும். ஆகவே எழுதும் உரிமை ஒரே செயலிக்கு, அதுவும் வட்டு பொருத்தப்பட்ட கணினியிலேயே இயங்கும் செயலிக்கு இருத்தல் வேண்டும். வரைகலைச் செயலியைச் சேவையகத்திற்குக் கொண்டு செல்வதன் முதற்காரணம் இதுவே. மடிக்கணினியை அணைத்துவிடலாம் என்னும் வசதி இரண்டாவதாகவே எண்ணத்தக்கது.

திரையில்லாக் கணினிக்குத் திரை

சேமிப்பகச் சேவையகத்திற்குத் திரையோ விசைப்பலகையோ இராது. வரைகலைச் செயலியோ தன் சாளரத்தை வரைய ஒரு திரையை எதிர்பார்க்கும். அஃதில்லையேல் பிழைச்செய்தி தந்து நின்றுவிடும். இச்சிக்கலுக்கான விடை பழையது. 1984இல் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் உருவான எக்ஸ் சாளர முறைமை, செயலியையும் அதன் திரையையும் தொடக்கத்திலேயே இரு வேறு கூறுகளாகப் பிரித்தது. அப்பிரிவினால், நினைவகத்தில் மட்டுமே இருக்கும் மெய்நிகர்த் திரை ஒன்றைச் செயலிக்கு அளிக்க இயலும். எக்ஸ்விஎஃப்பி என்னும் நிரல் செய்வது இதனையே. செயலி தான் உண்மையான திரையில் வரைவதாகவே கொண்டு இயங்கும். அம்மெய்நிகர்த் திரையைத் தொலைவிலிருந்து காணவும் இயக்கவும் விஎன்சி நெறிமுறை பயன்படுகிறது; அதன் உலாவி வடிவத்தில் தனி மென்பொருளின்றிச் செல்பேசியிலும் சாளரம் தோன்றும். உலாவியை மூடினாலும் செயலி நிற்பதில்லை. 'தொடர்ந்து இயங்குதல்' என்பதன் பொருள் இங்குத் தெளிவாகிறது: பார்ப்பவர் வந்து செல்கிறார், செயலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மெய்நிகர்த் திரை, விஎன்சி, கேலிபர் ஆகிய மூன்றையும் ஒரே கொள்கலனில் அடைத்த டாக்கர் படிமங்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. பயனர் செய்ய வேண்டியன சில: நூலகக் கோப்புறையைக் கொள்கலனுக்குக் காட்டுதல், கோப்புகளின் உரிமையாளர் எண்ணும் கொள்கலனின் பயனர் எண்ணும் ஒன்றாக இருக்கச் செய்தல், கணினி மீளத் தொடங்குந்தோறும் கொள்கலனும் தானே தொடங்குமாறு அமைத்தல். பழைய வன்பொருளை வாங்குவோர் ஒன்றை முன்னரே நோக்க வேண்டும்: 2022இல் வெளிவந்த கேலிபர் 6ஆம் பதிப்பு முதல் 32 நுண்மிச் செயலகங்களுக்கு ஆதரவு இல்லை.

திரை எப்பணிக்குத் தேவை என்பதையும் ஆராய வேண்டும். குறித்த கோப்புறையில் இடப்படும் நூல்களைத் தானே சேர்த்துக்கொள்ளும் வசதி கேலிபரில் உண்டு. அது வரைகலைச் செயலி திறந்திருக்கும்போது மட்டுமே நடக்கும். இவ்வசதிக்காகவே திரையை நிறுவுவது மிகை. கேலிபர்டிபி என்னும் கட்டளைவரி நிரலைக் குறித்த நேரங்களில் இயக்கினால் அதே பணி திரையின்றி முடியும். பிழைபட்ட எழுத்துணரியின் விளைவை மூலப்படிமத்தோடு ஒப்பிடுதல், புலங்களைத் திருத்துதல், இரட்டைப் பதிவுகளை இனங்காணுதல் போன்ற கண்ணால் முடிவு செய்யும் பணிகளுக்கே வரைகலை வேண்டும். தானே சேர்க்கும் வசதியைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் மறக்கலாகாது: சேர்த்து முடித்ததும் அக்கோப்புறையிலுள்ள மூலக்கோப்பினைச் செயலி நீக்கிவிடும். ஒரே நகலை அதில் இடுவது இடர்.

தமிழெழுத்தும் கோப்புப்பெயரும்

ஆயத்தக் கொள்கலன்கள் அளவிற் சிறியனவாக இருக்கும்பொருட்டு எழுத்துருக்களைக் குறைத்தே உருவாக்கப்படுகின்றன. தமிழ் எழுத்துரு இடம்பெறாத கொள்கலனில் நூற்பட்டியல் முழுதும் வெற்றுக் கட்டங்களாகத் தோன்றும். தரவு அழிந்ததென அஞ்சி மீண்டும் பதிவேற்றுவோரும் இருக்கலாம். உண்மையில் தரவுக்கு ஊறில்லை. நோட்டோ அல்லது லோகித் குடும்பத்துத் தமிழ் எழுத்துருவை நிறுவி, மொழியமைப்பை யூடிஎஃப்-8 எனக் குறித்தால் போதும்.

இதனினும் நுட்பமானது கோப்புப்பெயர்ச் சிக்கல். கேலிபர் தன் நூலகத்திலுள்ள கோப்புறைகளுக்கும் கோப்புகளுக்கும் தமிழ்ப்பெயர் இடுவதில்லை. அவற்றை ரோமன் எழுத்திற்கு எந்திரகதியில் மாற்றி, நீளத்தையும் குறைத்துச் சேமிக்கிறது. அம்மாற்றம் ஆய்வுலகில் வழங்கும் ஒலிபெயர்ப்பு முறைகளைப் பின்பற்றுவதன்று. 'வாழவந்திநாட்டுச் சாமை வகைகள்' என்னும் தலைப்பினைக் கோப்புறைப் பெயரிலிருந்து மட்டும் ஐயமற மீட்டெடுக்க இயலாது. மூலத் தமிழ்வடிவம் இரண்டிடங்களில் உள்ளது: ஒன்று தரவுத்தளம், மற்றொன்று ஒவ்வொரு நூலின் கோப்புறையிலும் செயலி எழுதிவைக்கும் சிறிய ஓபிஎஃப் கோப்பு. தரவுத்தளம் சிதைந்தால் இவ்வோபிஎஃப் கோப்புகளைக் கொண்டு அதனை மீட்டமைக்கும் வசதி கேலிபரிலேயே உள்ளது. எனவே இடம்பிடிக்கும் தேவையற்ற கோப்புகள் எனக் கருதி அவற்றை நீக்குவதும், நூற்கோப்புகளை மட்டும் நகலெடுப்பதும் தொகுப்பின் தமிழ்ப்பெயர்களைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

மின்தடையும் தொலையணுகலும்

இடியும் மழையும் மிகுந்த மலைப்பகுதியில் மின்தடையை விதிவிலக்காகக் கொள்ள இயலாது. தடையிலா மின்வழங்கி சில நிமிடங்கள் தாங்குவது மட்டும் போதாது. மின்கலம் குறைவதைச் சேவையகத்திற்கு யூஎஸ்பி வழியே அறிவித்து, கேலிபரை முறையாக மூடச் செய்ய வேண்டும். கொள்கலனை நிறுத்தும்போது டாக்கர் இயல்பாக 10 நொடிகளே பொறுத்து, பின் வலிந்து முடித்துவிடும். பெரிய நூலகத்திற்கு இக்காலத்தை நீட்டித்துக் கொள்வது நன்று.

செம்மேட்டிலிருந்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ சென்ற ஆய்வாளர் அங்கிருந்து சாளரத்தைக் காண விரும்பலாம். விஎன்சியின் பழைய கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே கருதுகிறது. அதன் போக்குவரத்தும் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. தகவலாளர் பெயர்கள் அடங்கிய தொகுப்பினை அவ்வாறே இணையத்தில் திறந்துவிடுதல் ஆய்வறத்திற்கும் முரணானது. செல்பேசி இணைப்புகளில் பயனர் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால், வெளியிலிருந்து நேரே அணுகுவது பெரும்பாலும் இயலாது. வயர்கார்டு போன்ற மறையாக்கப் பாதையைப் பொது முகவரியுடைய இடைக்கணினி வழியாக அமைத்தால் இரு சிக்கல்களும் ஒருங்கே தீரும். இணைப்பு மெலிதாயின் திரையின் நிற ஆழத்தையும் அளவையும் குறைத்துக்கொள்ளலாம். உரை படிக்க அது போதுமானது.

நகலெடுக்கும் வேளையில் கேலிபர் எழுதிக்கொண்டிருந்தால் தரவுத்தள நகல் முரண்பட்ட நிலையில் அமையக்கூடும். ஆதலின் இரவில் குறித்த நேரத்தில் கொள்கலனை நிறுத்தி, நகலெடுத்து, மீண்டும் தொடங்கும் சிறு நிரல் ஒன்று வேண்டும். அந்நகலை வேறொரு கணினியில் திறந்து, சாமை வகை ஒன்றின் பெயரைத் தமிழில் தேடி, அது எந்நாட்டில் யாரிடம் பதிவானது என்னும் புலம் வரை வருகிறதா எனப் பார்த்தல் ஆறு திங்களுக்கு ஒருமுறையேனும் செய்யத்தக்கது.