இருதயமும் ஒரு சுரப்பி

இருதயம் குருதியை உந்தும் பம்பி மட்டுமே என்பர் பலர். கனடாவின் கிங்ஸ்ரன் நகரில் அடொல்போ டி போல்ட் குழுவினர், எலியின் சோணையறைச் சாற்றை வேறெலிகளிற் செலுத்தியபோது உப்பும் நீரும் சிறுநீருடன் மிகுதியாய் வெளியேறின. 1981இல் வெளியான அவ்வாய்வால், இருதயம் தன் சுமையைத் தணிக்கும் ஓமோனைத் தானே சுரப்பது புலனாயிற்று.

அவ்வினத்து ஓமோனையே மருந்தாகச் செலுத்தினால் என்ன? அத்தகைய நெசிரிற்றைட் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; எனினும் 2011இல் வெளியான பேராய்வில் அது உயிரிழப்பைக் குறைக்கவில்லை. எளிதெனத் தோன்றிய வழிக்கு உடல் இணங்கவில்லை போலும்.

இவ்வோமோன்களைச் சிதைக்கும் நெப்பிரிலைசின் என்னும் நொதியத்தைத் தடுப்பது சக்குபிற்றில். ஆயின் குருதிக்குழாய்களைச் சுருக்கும் அஞ்சியோதென்சினையும் அந்நொதியம் சிதைப்பதால், அதன் செயலை மறிக்கும் வல்சாட்டனும் உடன்சேர்க்கப்பட்டது. 2014இல் வெளியான பரிசோதனையில், இருதயத்தளர்ச்சி உற்றோரிடை இக்கூட்டு மருந்து, எனலாபிரிலுடன் ஒப்பிடுமிடத்து, இருதய, குருதிக்குழாய் நோய் மரணத்தை நூற்றுக்கு 20 வீதம் குறைத்தது. குருதியமுக்கம் மிகத் தாழ்தல் இதன் குறை. ஆதலின் வைத்தியர் சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர்.