‘வந்ததை அனுப்பினேன்’ என்றால் சட்டம் விடுமா?

சகோதரிகளே, இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். என் வீட்டில் நடந்தது நாளை உங்கள் வீட்டிலும் நடக்கலாம் அல்லவா?

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்பதெல்லாம் அதில்தான். ஒரு நாள் காலை, இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த நேரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் மதினி ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள். ‘பிள்ளை பிடிக்கும் பெண்கள் வந்திருக்கிறார்கள். துணி மூட்டையோடு வருவார்கள். உஷார்!’ கூடவே யாரோ ஒரு பெண்ணின் மங்கலான படம்.

என் கடைக்குட்டி ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். முழுசாகப் படிக்கக்கூட இல்லை. தெருக் குழுவுக்கு அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

பதினோரு மணி இருக்கும். தெருமுனையில் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பழைய சேலைக்குப் பாத்திரம் போடுகிற அம்மாவைச் சுற்றிப் பத்திருபது பேர். மூட்டையைப் பிரித்துக் கொட்டியிருந்தார்கள். ஒரு பையன் சேலையைப் பிடித்து இழுக்கிறான், இன்னொருவன் படம் எடுக்கிறான். நல்லவேளையாக, ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் குறுக்கே புகுந்து எல்லோரையும் விலக்கிவிட்டார்.

அந்த அம்மா என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர்ச் செம்பை வாங்கிய கை நடுங்கியது. “ஆறு வருசமா இந்தத் தெருவுக்கு வாரேன் தாயி. உன் மகன் போட்ட சட்டையத்தான் என் பேரன் போடுதான். என்னையப் பார்த்தா பிள்ளை பிடிக்கிறவ மாதிரியா இருக்கு?” என்றார். ‘அனுப்பினது நான்தான்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரேடியோவும் தந்திதான்!

மனசு ஆறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். எங்கள் மாவட்டத்தின் பேர் விருதுநகர் என்றாலும், முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். என் பெரியப்பா அங்கே எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். பழைய ரேடியோ லைசென்ஸ்! வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டி இதில் முத்திரை வாங்க வேண்டும். 1933-ஆம் வருடத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருந்தால் குற்றம். 1980-களின் நடுவில்தான் இந்தக் கட்டணம் போயிற்று.

“ரேடியோவுக்கும் தந்திக்கும் என்ன பெரியப்பா சம்பந்தம்?” என்றேன்.

“அங்கேதான் இருக்கு விஷயம். சட்டத்தில் எந்தச் சொல்லுக்கும் முதலில் அர்த்தம் எழுதிவைப்பார்கள். 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தில் ‘தந்தி’ என்றால் கட்டுக்கட என்று அடிக்கிற மிஷின் மட்டும் இல்லை. எழுத்து, படம், ஒலி எதையும் கம்பி வழியாகவோ ரேடியோ அலை வழியாகவோ அனுப்பவும் வாங்கவும் உதவுகிற கருவி எல்லாமே தந்திதான்னு பின்னால் விரித்து எழுதினார்கள். அதனால் சட்டத்தின் கண்ணுக்கு டெலிபோன், ரேடியோ, டி.வி. எல்லாமே தந்தி!” என்றார்.

நாம் அறிந்த தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. ஆனால் அந்தச் சட்டத்தின் அர்த்தம் அதற்குப் பிறகும் பல வருடம் நம் போனை ஆண்டது. 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் ‘செய்தி’ என்பதற்கே இன்னும் அகலமான அர்த்தம் தருகிறது. எழுத்து, படம், ஒலி, வீடியோ, ஒரு சின்ன அடையாளக் குறி கூட அதில் அடக்கம்.

காற்றில் போகும் அலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் ஒரு சமயம் வந்தது. கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கில் 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், ‘அலைவரிசை பொதுமக்கள் சொத்து’ என்று தீர்ப்புச் சொன்னது. பொதுச்சொத்து என்றால் பொதுப்பொறுப்பும் உண்டு என்பது பெரியப்பாவின் கட்சி.

நான் தபால்காரி இல்லையா?

“நானா அந்தச் செய்தியை எழுதினேன்? வந்ததை அனுப்பினேன். தபால்காரர் மாதிரிதானே?” என்று கேட்டேன். நம்மில் பலர் நினைப்பது இதுதானே?

பெரியப்பா சிரித்தார். 2000-ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இதற்கும் அர்த்தம் எழுதியிருக்கிறது. செய்தியை உண்டாக்குகிறவர் மட்டும் அல்ல, அனுப்புகிறவர், கடத்துகிறவர் எல்லோருமே ‘தோற்றுவிப்பவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். தபால்காரர் மாதிரி நடுவில் நிற்பவருக்கு ‘இடைநிலையாளர்’ என்று பேர். போன் கம்பெனி, இண்டர்நெட் கம்பெனி, வாட்ஸ்அப் போன்றவை அவை. அந்தச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் நிபந்தனை உண்டு. அனுப்புவதை அவர்கள் தொடங்கியிருக்கக் கூடாது, யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது, செய்தியில் கை வைத்திருக்கக் கூடாது.

“தெருக் குழுவைத் தேர்ந்தெடுத்தது யாரு? நீதானே? அப்புறம் எப்படி நீ தபால்காரி?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை ஒரு பிரமுகர் பகிர்ந்த வழக்கு அது. ஒரு செய்தியை மற்றவருக்கு அனுப்புவது, அதை ஒப்புக்கொண்டு ஆமோதிப்பதற்குச் சமம் என்றது கோர்ட்.

2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆம் பிரிவு, பொதுமக்களிடம் பீதி கிளப்பும் பொய்ச் செய்தியையும் வதந்தியையும் பரப்புகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை என்கிறது. நியாயமான காரணத்தோடு உண்மை என்று நம்பி, நல்லெண்ணத்தோடு சொன்னால் விதிவிலக்கும் உண்டு. “நீ நம்பினது சரி. நம்புறதுக்கு என்ன காரணம் இருந்தது? விசாரிச்சியா?” என்று கேட்டார் பெரியப்பா. இட்லித் தட்டுதான் ஞாபகம் வந்தது.

பயந்து வாயை மூடவும் வேண்டாம்

எதையுமே எழுதக் கூடாது போலிருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 2012-இல் மகாராஷ்டிரத்தில் பால்கர் என்ற ஊரில் ஒரு இளம்பெண், ஒரு தலைவர் மறைந்ததற்காக மும்பையில் கடையடைத்ததைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினாள். அவள் தோழி அதற்கு ‘லைக்’ போட்டாள். இரண்டு பேரையும் போலீஸ் கைது செய்தது! அப்போது இருந்த 66-ஏ பிரிவில் ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ என்றெல்லாம் குற்றம் இருந்தது. அவற்றுக்குச் சரியான அர்த்தம் எழுதவில்லை. ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. சொல்லுக்கு அர்த்தம் தெளிவாக இல்லாவிட்டால் அப்பாவியும் மாட்டிக்கொள்வாள்.

கருத்துச் சொல்வது நம் உரிமை. யாரோ ஒருத்தியின் படத்தைப் போட்டுத் திருடி என்பது கருத்து அல்ல.

அதன் விலை என்ன தெரியுமா? 2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் அருகே அத்திமூர். குலதெய்வம் கோயிலுக்கு உறவினர்களோடு போன சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அதற்கு முன் அந்தப் பக்கமெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றியது, எனக்கு வந்தது போன்ற செய்திதான். எங்கள் தெருவில் அந்த வாத்தியார் மட்டும் இல்லாவிட்டால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

நாம் செய்ய வேண்டியவை

• செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்தது. எழுதியவர் உங்களுக்குத் தெரிந்தவர் இல்லை.

• தேதி, ஊர், போலீஸ் நிலையத்தின் பேர் இல்லாத ‘உஷார்’ செய்தியை அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் “நீங்க நேரில் பார்த்தீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

• உண்மையிலேயே சந்தேகம் என்றால் குழுவுக்கு அல்ல, 112-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால் 1098.

• தவறாக அனுப்பிவிட்டால் அழிப்பதோடு நிற்காதீர்கள். ‘அது பொய்’ என்று அதே குழுவில் எழுதுங்கள்.

• உங்கள் படத்தையோ பேரையோ யாராவது தவறாகப் பரப்பினால் பயந்து ஒளியாதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி 15100.

ராஜபாளையம் திரும்பியதும் தெருக் குழுவில் எழுதினேன்: ‘அந்தச் செய்தி பொய். விசாரிக்காமல் அனுப்பியது என் தப்பு.’ மதினிக்கும் போன் செய்து சொன்னேன். “எனக்கும் யாரோ அனுப்பினதுதான்” என்றார்கள்!

இரண்டு வாரம் கழித்துப் பாத்திரக்கார அம்மா வந்தார். இந்த முறை வாய் திறந்து சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “வீட்டில் புள்ளை இருக்குல்ல, பயந்திருப்பே” என்றார். பிறகு, “இனிமே ஒரு தடவை என் முகத்தை நினைச்சுக்கோ தாயி” என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இப்போதெல்லாம் விரல் அம்புக்குறிமேல் போகும்போது அந்த முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.