மாணாக்கரின் போதைப் பழக்கமும் ஆலோசகரின் இரகசியக் காப்பும்

புது டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் மத்திய அரசாங்கத்திற்காக நடத்திய தேசிய ஆய்வின் அறிக்கை 2019-இல் வெளியாயிற்று. அதன்படி, ஆவியை முகர்ந்து போதை கொள்ளும் வழக்கம் பெரியோருள் 0.58 சதவீதத்தினரிடமும், 10 முதல் 17 வயதுடையோருள் 1.17 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. ஆராயப்பட்ட போதை வகைகளுள் சிறுவரிடம் மிகுந்திருந்தது இஃதொன்றே.

ஒட்டுப்பசை, எழுத்தழிக்கும் திரவம் முதலியவற்றின் ஆவி இருதயத் துடிப்பைக் குலைத்து, முதன்முறையிலேயே மரணம் விளைவிக்கவுங்கூடும். ஆதலின் மாணவன் தாமதமின்றி உண்மையைக் கூறுதல் அவசியமாகும். தண்டனைக்கு அஞ்சுபவனோ வாய் திறவான்.

எனவே, பள்ளி ஆலோசகர் இரகசியத்தின் எல்லையை உரையாடலின் தொடக்கத்திலேயே விளக்கிவிட வேண்டும். மாணவன் கூறுவது பிறருக்குத் தெரிவிக்கப்படாது. உயிருக்கு ஆபத்தெனில் மட்டும், அவனுக்கு அறிவித்த பின்னர், பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரிவிக்கப்படும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், உயிராபத்தைத் தடுக்கத் தேவையான அளவே செய்தியை வெளியிட மருத்துவத் துறையினருக்கு இடமளிக்கிறது.

போதை மீட்புக்கான தேசியத் தொலைபேசி எண் 14446. இதனை மாணவனுக்கும் பெற்றோருக்கும் அளிக்கலாம்.

ஒரு மாணவனின் பெயர் ஆசிரியர் அறையில் பேச்சுப் பொருளாயின், உதவி நாடும் அடுத்த மாணவன் ஆலோசகரிடம் வரவே மாட்டான்.