இரண்டு முனையிலும் முடிச்சு

ஸ்பெயின் நாட்டின் பைரனீஸ் மலைக்கடியில், பழைய ரயில் சுரங்கப்பாதையை ஒட்டி, கான்ஃபிராங்க் நிலத்தடி ஆய்வகம் இருக்கிறது. தலைக்கு மேல் சுமார் 800 மீட்டர் பாறை. அங்கே எஃகுக் கலன் ஒன்றில் செனான் வாயுவை அழுத்தி நிரப்பி, இதுவரை யாரும் உறுதியாகக் கண்டிராத ஓர் அணுச்சிதைவைத் தேடுகிறார்கள். சோதனையின் பெயர் 'நெக்ஸ்ட்'.

செனான்-136 அணுக்கருவில் இரண்டு நியூட்ரான்கள் ஒரே சமயத்தில் புரோட்டான்களாக மாறுவதுண்டு. அணு பேரியமாகிவிடும்; இரண்டு எலக்ட்ரான்களும் இரண்டு எதிர்நியூட்ரினோக்களும் வெளியேறும். இதன் அரை ஆயுளே ஏறத்தாழ 2×10²¹ ஆண்டுகள். 2011-இல்தான் இதை முதன்முறையாகக் கண்டார்கள். ஆனால் தேடப்படுவது இதுவல்ல. நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் ஒரே துகளாக இருக்கலாம் என்று 1937-இல் இத்தாலிய இயற்பியலர் எத்தோரே மயோரானா கூறினார். அது உண்மையானால், நியூட்ரினோ எதுவும் வெளிவராமல் எலக்ட்ரான்கள் மட்டுமே ஆற்றல் முழுவதையும் எடுத்துக்கொண்டு வரும் சிதைவும் நடக்க வேண்டும். அதன் அரை ஆயுள் 10²⁶ ஆண்டுகளைவிட அதிகம் என்று ஜப்பானின் காம்லாண்ட்-ஜென் சோதனை காட்டிவிட்டது. 4×10²⁶ ஆண்டுகள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 100 கிலோ செனான்-136-இல் ஆண்டுக்கு ஒரு சிதைவுகூடத் தேறாது.

அந்த ஒன்றை எப்படி அடையாளம் காண்பது? இரு எலக்ட்ரான்களின் மொத்த ஆற்றல் 2,458 கிலோ எலக்ட்ரான்வோல்ட். சுற்றியுள்ள பாறையிலும் உலோகத்திலும் இருக்கும் துளி யுரேனியத்தின் வழித்தோன்றலான பிஸ்மத்-214 உமிழும் காமா கதிரின் ஆற்றல் 2,447. இவ்வளவு நெருக்கத்தில் ஆற்றலை மட்டும் நம்பிப் பயனில்லை. வாயு இங்கேதான் கைகொடுக்கிறது.

அழுத்தப்பட்ட செனான் வாயுவில் எலக்ட்ரான் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும். ஓட்டம் முடியும் இடத்தில் வேகம் குறைந்து, மிச்ச ஆற்றலை மொத்தமாகக் கொட்டிவிடும். ஒற்றை எலக்ட்ரானின் தடம் ஒரு முனையில் மட்டும் முடிச்சிட்ட நூல். இரட்டைச் சிதைவின் தடத்திலோ இரு முனையிலும் முடிச்சு. திரவ செனானில் இதே தடம் சில மில்லிமீட்டருக்குள் சுருங்கிப்போகும், முடிச்சை எண்ண முடியாது. அதே எடைக்குத் திரவத்தைவிடப் பெரிய கலன் வேண்டியிருந்தாலும், வாயுவே சிறந்த தேர்வு என்று நான் நினைப்பது இதனால்தான்.

தடத்தைப் படமாக்கும் அடிப்படை உத்தி 1974-இல் அமெரிக்க இயற்பியலர் டேவிட் நைக்ரன் கண்டுபிடித்தது. ஓடும் எலக்ட்ரான் வழியிலுள்ள அணுக்களிலிருந்து வேறு எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கிறது. மின்புலம் அவற்றைக் கலனின் ஒரு முனைக்கு மெதுவாக இழுத்துச் செல்கிறது. வந்துசேரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம். அந்த முனையில், நெருக்கமான இரு கம்பிவலைகளுக்கு நடுவே, வலுவான மின்புலத்தில் அவை செனானை ஒளிரச் செய்கின்றன. எலக்ட்ரான்களைப் பெருக்கினால் அளவு ஏறியிறங்கும். ஒளியாக மாற்றினால் அந்தத் தடுமாற்றம் குறைவு. ஒருபக்க ஒளிப்பெருக்கிக் குழல்கள் ஆற்றலை அளக்க, மறுபக்கச் சிலிக்கான் உணரிகள் தடத்தை வரைகின்றன. ஆக்சிஜன் மிகச் சிறிதளவு கலந்தாலும் எலக்ட்ரான்களை வழியிலேயே விழுங்கிவிடும் என்பதால் வாயு ஓயாமல் வடிகட்டியினூடே சுழல்கிறது.

சுமார் 5 கிலோ செனானுடன் நடந்த முன்னோட்டத்துக்குப் பின், இப்போது நெக்ஸ்ட்-100 அங்கே நிறுவப்பட்டுள்ளது. அடுத்த குறி, சிதைவு விட்டுச்செல்லும் ஒற்றைப் பேரியம் அயனியையே பிடிப்பது. உயிரியலாளர்களின் ஒற்றை மூலக்கூறு ஒளிர்வு நுட்பத்தால் அப்படியோர் அயனியைக் காண முடியும் என்று 2018-இல் டெக்சஸில் காட்டினார்கள். பேரியத்தைப் பற்றியதும் ஒளிரும் நிறத்தை மாற்றிக்கொள்ளும் மூலக்கூறு 2020-இல் வந்தது. பெரிய கலனுக்குள் எங்கோ பிறக்கும் அந்த அயனியை மூலக்கூறு பூசிய பரப்புக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் மீதமுள்ள கடினமான வேலை.