தகுதியும் முன்னுரிமையும்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலந்தோறும் கல்லூரி வாயில்களில் ஒரு வினா எழுவதைக் காண்கிறோம். மிகுந்த மதிப்பெண் பெற்றவர்க்கு இடமளிப்பது நீதியா? பின்தங்கியவர்க்கு முன்னுரிமை அளிப்பது நீதியா? இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதனை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

இவ்வினா தமிழகத்திற்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணையின்படி, மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடங்களுள்ளும் 1 இடம் முஸ்லிம்களுக்கு உரியதாயிருந்தது. 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அம்முறை செல்லாதென்றது. அவ்வாண்டே அரசியலமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பின்தங்கிய வகுப்பினர்க்குத் தனி ஏற்பாடு செய்ய இடந்தரும் 15(4) ஆம் உட்பிரிவு சேர்க்கப்பெற்றது.

ஆயினும் எல்லா முன்னுரிமையும் நிலைத்துவிடவில்லை. மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிட்ட விதியை 1968-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. மதிப்பெண் மிக்கவர் மாவட்டம் காரணமாக இடமிழக்கவும், குறைந்தவர் இடம்பெறவும் அவ்விதி வழிசெய்தது. அதற்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை. காரணமற்ற முன்னுரிமை அநீதியாகிறது என்பதே இதன் பாடம்.

இன்று தமிழகத்தில் 69 விழுக்காடு இடங்கள் ஒதுக்கீட்டிற்குரியவை. அதனுள் 3.5 விழுக்காடு 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு உரியது. 200 இடங்களில் 7 என்பது கணக்கு. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு முன்னுரிமை வழங்கப்பட்டது. மறு ஆண்டே பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது.

இதன் நியாயத்தை நம் மாவட்டத்திலேயே உணரலாம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் அரசுப் பள்ளியில் பயின்று, வீட்டு வேலையும் பார்த்துத் தேர்வெழுதும் மாணவியையும், பெருநகரில் தனிப்பயிற்சி பெற்ற மாணவரையும் எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் இருவரும் சென்றடைந்த இடத்தைக் காட்டுமேயன்றி, புறப்பட்ட இடத்தைக் காட்டாது.

இவ்வளவும் பிறரிடம் நாம் கேட்கும் நீதி. நம்மிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நிருவகிக்கும் உரிமையை 30 ஆம் பிரிவு நமக்கு அளித்துள்ளது. அரசு உதவி பெறும் சிறுபான்மை நிறுவனங்கள் பிற சமுதாய மாணவரையும் நியாயமான அளவில் சேர்த்தல் வேண்டுமென 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கட்டாய நன்கொடையைத் தமிழகச் சட்டம் 1992-லேயே தடைசெய்துள்ளது. ஆகவே செல்வாக்கினரின் பரிந்துரைக் கடிதமோ பணமோ முன்னுரிமைக்குக் காரணமாகலாகாது. அவ்வழியில் நிரப்பப்படும் ஒவ்வோர் இடமும் ஓர் ஏழை மாணவரின் இடமேயாகும்.

விதிகளை முன்னரே அறிவித்தல், தேர்வுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல், சேர்ந்த மாணவர் இடையில் நிற்காது படிப்பை முடிக்கத் துணைநிற்றல் ஆகிய இம்மூன்றும் நிருவாகத்தார், ஆசிரியர், சமுதாயப் பெரியோர் அனைவர்க்கும் உரிய கடமைகளாம். பிறரிடம் நீதி கேட்கும் தகுதி, நம் வாயிலில் நீதி செய்த பின்னரே நமக்கு வாய்க்கும்.