பொழுதுக்கொரு சுவை

மேனாட்டார் உணவு மேசையில் அமர்ந்தால் முதலில் எழும் வினா, இன்ன உணவுக்கு இன்ன மது பொருந்துமா என்பதே. செந்நிறத் திராட்சை மது இறைச்சிக்கு, வெண்ணிற மது மீனுக்கு என்று விதி வகுத்து வைத்திருக்கின்றனர். விலை மலிந்த போத்தல்களுள் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்று நூல் நூலாக எழுதியும் வருகின்றனர். இதைக் கேட்டு நம்மவருட் சிலர் நகைப்பர். சிலர் முகம் சுளிப்பர். ஆயினும் அந்த ஆராய்ச்சி முழுவதும் நாவைப் பற்றியதன்றோ? அறுசுவை வகுத்த இனத்தார் அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. திராட்சை மதுவுக்கு ஈடாக வன்னி மண்ணில் நிற்பது பனையின் நீர். அதனைப் பொழுதறிந்து சுவைக்கவும், அதற்கேற்ற துணையுணவு தேடவும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அந்த அறிவு நம் கண்முன்னே மங்கி வருவதால் இதனை எழுத முற்பட்டோம்.

மேனாட்டாரின் விதிக்குக் காரணம் யாது? செம்மதுவின் தனிக்குணம் துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலுமிருந்து அது வருகிறது. பச்சைப்பாக்கை மென்றால் வாய் இறுகுவதுபோல, எச்சிலிலுள்ள புரதத்தோடு கூடி அது நாவை உலர்த்தும். கொழுப்பும் புரதமும் மிக்க இறைச்சி அத்துவர்ப்பைத் தணிக்கும். ஆகவே இரண்டும் நண்பர்கள். மீனோடு சேர்ந்தாலோ, செம்மதுவிலுள்ள இரும்புச்சத்து மீன்வாடையைக் கிளறிவிடும். இன்னொன்றும் உண்டு. திராட்சை மதுவில் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு வரை மதுசாரம் இருக்கும். மதுசாரம் மிளகாயின் எரிவைத் தூண்டும். நமது உறைப்புக் கறிக்கு முன்னால் அயல்நாட்டுச் செம்மது தோற்று நிற்பது இதனாலேதான். நம் நா பழகாததால் அன்று.

திராட்சை மது நம் வடபுலத்துக்கு முற்றிலும் அந்நியமன்று. 1928 இல் அருட்தந்தை பி. ஏ. தோமஸ் தோலகட்டியில் நிறுவிய செபமாலைத் தாசர் துறவிமடத்தின் மரபிலே செய்யப்பட்ட 'றொசெற்றோ' வைன், யாழ்ப்பாணத்தில் எளியோர் கைக்கெட்டும் விலையில் பெயர்பெற்றது. கறுவாவும் கராம்பும் மணக்கும் இனிய மது அது. நத்தார்க் கேக்குக்கு அது ஏற்ற துணை. இறைச்சிக்கறிக்கு அன்று என்பது நம் துணிபு.

இனிப் பனைக்கு வருவோம். பூநகரி, பளைப் பக்கங்களிலே பனை அடர்ந்து நிற்கிறது. முல்லைத்தீவுக் கரையிலும் உண்டு. வவுனியா நோக்கிச் செல்லச் செல்லக் காடும் வயலும் மிகுந்து, பனை அருகிவிடும். ஆண்பனை, பெண்பனை இரண்டும் பாளை ஈனும், இரண்டையும் சீவுவர். பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டி, நுனியை மெல்லிதாகச் சீவினால் துளித்துளியாக நீர் வடியும். அந்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 14 பங்கு வெல்லச் சத்து உண்டு. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் நொதித்தல் தடைப்பட்டு, இனிப்பு மாறாத கருப்பநீர் கிடைக்கும். தமிழகத்தார் பதநீர் என்பதும் இதுவே. சுண்ணாம்பு தடவாவிடின், காற்றிலும் முட்டியிலும் வாழும் மதுவம் முதலிய நுண்ணுயிர்கள் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். இறக்கும்போதே அது கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே பாளை. விரலளவு சுண்ணாம்பு குழந்தையின் பானத்தையும் குடியனின் பானத்தையும் பிரித்து வைக்கிறது!

பிரான்சு நாட்டில் நவம்பர் மாதத்து மூன்றாம் வியாழனன்று அவ்வாண்டின் இளமதுவைத் திறந்து கொண்டாடும் வழக்கம் உண்டு. பறித்துச் சில வாரமே ஆன மது என்பதில் அவர்களுக்குப் பெருமை. நம் பனைநீருக்கோ வாரக் கணக்கில்லை, நாழிகைக் கணக்குத்தான். இதனைச் சோதிக்க விரும்பி, பங்குனி மாதத்து ஒரு நாள் பூநகரியில் ஒரே முட்டியின் கள்ளைப் பொழுதுக்குப் பொழுது இரண்டு மிடறாகச் சுவைத்துப் பார்த்தோம். (கல்லூரி ஆசிரியர் கையில் பிளாவா என்று வியப்பவர் வியக்க!) காலை ஏழு மணிக்கு இனிப்பே மேலோங்கி, இளம்பாளை மணத்துடன் நாவில் மெல்லக் குறுகுறுத்தது. நண்பகலில் நுரை பொங்கி, இனிப்புப் பாதியாகி, புளிப்புத் தலைகாட்டியது. மாலை ஐந்து மணிக்குப் புளிப்பே அரசு செலுத்தியது. கடைவாயில் சிறு கைப்பும் நின்றது. மறுநாட் காலையில் அது வினாகிரியாகும் வழியில் இருந்தது. இத்தனைக்கும் கள்ளின் மதுசாரம் நூற்றுக்கு நாலைந்து பங்களவே. உறைப்பைத் தூண்டாது, தன் புளிப்பாலும் எஞ்சிய இனிப்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும் இயல்பு இதனால் வந்தது.

இச்சுவை மாற்றத்தை அறிந்தே துணையுணவு அமைந்தது. கருப்பநீருக்குள் பச்சை மாங்காய்த் துண்டுகளை இட்டு ஊறவைத்துப் பருகுவதை மூத்தோர் நன்கறிவர். மாங்காயின் புளிப்பு, திகட்டும் இனிப்பை வெட்டும். சுண்ணாம்பின் காரச் சுவையையும் அடக்கும். வேதியியல் படித்தவர் அமிலமும் காரமும் என்று விளக்கத் தொடங்குமுன்னே, ஆச்சிமார் இதனைச் செய்து முடித்துவிட்டனர். இளங்காலைக் கள்ளுக்கு நந்திக்கடல் இறால் பொரியலை மிஞ்சிய துணை இல்லை என்பர். இறாலின் உவர்ப்பும் கள்ளின் இனிப்பும் ஒன்றையொன்று உயர்த்தும். மாலைக் கள்ளின் புளிப்புக்குக் கொழுப்புள்ள ஆட்டிறைச்சிப் பிரட்டலே ஏற்றது. செம்மதுவின் துவர்ப்புச் செய்யும் வேலையை இங்கே புளிப்புச் செய்கிறது. ஒடியற்கூழோடு புளித்த கள்ளைச் சேர்ப்பாரும் உளர். நாம் அதனை ஒப்பவில்லை. மீனும் நண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் இட்டுப் பழப்புளி கரைத்த கூழிலே புளிப்பு ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. புளிப்புக்குப் புளிப்பு என்ன துணை? கூழ்ப் பிளாவுக்கு அருகில் வேண்டுவது இனிய கருப்பநீரே.

கள் நுழையாத வீடு என்று பெருமை கொள்ளும் வீடுகளிலும் அப்பமாவைப் புளிக்கவைக்கச் சிரட்டையளவு கள் பின்வாசலால் வந்து சேர்ந்ததுண்டு. கள்ளிட்டுப் பொங்கிய அப்பத்தின் மென்மைக்கும் மணத்துக்கும், கடையில் வாங்கும் மதுவப் பொடி இணையாகாது. சுடும்போதே மதுசாரம் பெரும்பாலும் ஆவியாகிவிடும். மணம் மட்டும் எஞ்சும். நடுவிலே பாலும் பனங்கட்டியும் இட்டால், அந்த அப்பத்திலே பனை இரு வடிவில் வந்து சந்திக்கிறது.

நம் இலக்கியம் கள்ளைப் பற்றி இரு குரலிற் பேசும். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (235), அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட பண்பையே முதலில் நினைந்து கலங்குகிறது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே (93) வகுத்தார். இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பதுதான் மாணவர்க்கு முறை. மாணவர் இன்னொன்றும் அறிக: 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதை இந்நாட்டில் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கருப்பநீருக்கு அந்த வரம்பு இல்லை. வன்னியில் குடும்பங்களைக் குலைப்பது மதுவே என்பதையும், அதனுள்ளும் கொடியது கசிப்பு என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் கசிப்பின் பழியைப் பனையின் மீது ஏற்றுவது நேர்மையாகாது.

இனி, மரத்தின்மேல் இருப்பவரை நோக்குவோம். பருவகாலத்தில் ஒரு மரத்தில் நாளுக்கு இருமுறை ஏறி இறங்க வேண்டும். ஒரு நாளேனும் சீவத் தவறினால் பாளை வறண்டுவிடும். மழையென்றும் காய்ச்சலென்றும் அவருக்கு விடுமுறை இல்லை. கால்வழுக்கினால் உயிரோ, முதுகெலும்போ போகும். இத்தொழில் செய்தாரைச் சாதியின் பெயரால் நம் சமூகம் தாழ்த்தி வைத்தது. கள்ளை விரும்பி உண்டவர்களே இறக்கியவரைத் திண்ணையில் ஏற்றாதிருந்தனர். 1970களில் தோன்றிய பனை தென்னைவள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் அவர்க்குச் சந்தையையும் ஓரளவு தலைநிமிர்வையும் தந்தன. 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைந்தது. பின்னர் வந்த போர், 2009 இல் முடியும்வரை, காப்பரண் அமைப்பதற்கென்றும் எறிகணையாலும் பனந்தோப்புகளைத் தின்றது. வடலி நட்டால் சீவும் பருவத்துக்கு வளர ஒரு தலைமுறை வேண்டும். ஆனால் வடலி வளரும். சீவும் கை வளருமா என்பதே நமக்குள்ள கவலை. தந்தை பட்ட இழிவைக் கண்ட மகன் வேறு தொழில் நாடிப் போவதில் தவறென்ன? அவன் திரும்பி வரவேண்டுமென்றால் விலையும் மதிப்பும் ஒருங்கே உயர வேண்டும். மேனாட்டில் மது செய்வோனின் பெயரைப் போத்தலில் அச்சிடுகின்றனர். நம் முட்டியில் யார் பெயர் உண்டு?

கள் இறக்குவது சங்கங்களின் வழி நடைபெற, கருப்பநீர் இறக்குவோர் தொகை குறைந்துகொண்டே போகிறது. கள்ளுக்கு நாள்தோறும் ஆள் உண்டு. கருப்பநீரைக் கேட்பாரில்லை என்று ஒரு தொழிலாளர் நம்மிடம் சொன்னார். கேட்டால் இறக்குவேன் என்றும் அவரே சொன்னார். ஆடிக்கூழுக்குப் பனங்கட்டி வேண்டும், குழந்தையின் இருமலுக்குப் பனங்கற்கண்டு வேண்டும் என்போர், அவை இரண்டும் கருப்பநீரைக் காய்ச்சியே வருவன என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

மாசி, பங்குனியில் பூநகரி வழியே செல்லும் குடும்பத்தார் முதல்நாளே சொல்லிவைத்து, வெயில் ஏறுமுன் போய்ச் சேருதல் நன்று. பாத்திரத்தை வெந்நீரால் கழுவிக் கொண்டு செல்க. வாங்கியபின் அசைக்காது சிறிதுநேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். கலக்காமல் மேலாக வடித்துக்கொள்க. மாங்காய் கிளிச்சொண்டானாயின் மிக நன்று. தோலோடு மெல்லியதாக அரிந்து இட்டு, கால் மணி நேரம் பொறுத்திருந்து பருகுக.